ஜப்பான் வருவதற்குள்

கூடத்திலிருந்து அலாரம் அலறியது. எட்டு மாதமாக ஊமையாகக் கிடந்த ரஷ்யக் கடிகாரம் குவார்ட்டர்ஸே அதிரும்படி கணகணத்தது. அடுப்படியில் கேசரி கிண்டிக்கொண்டிருந்த கஸ்தூரியம்மாள் கரண்டியை நிறுத்திக் கூடத்துப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"கேட்டீங்களா? ரஷ்யா சாமான். தானா நிக்கும், தானா சரியாயிடும்" என்று கணவர் சக்கரபாணி, பெண் கேட்டு வந்தவரிடம் பூரித்துக்கொண்டிருந்தார்.

வாசகர்களே, இவர்தான் சீமைச் சரக்கு பக்தர். இந்த இனம் எந்த ஊரில் இல்லை? ஆனால் நெய்வேலி மண்ணில் விளைகிற செழிப்பு தனி. சுரங்கத்து ஸ்டோரில் வந்திறங்கும் மரப்பெட்டிகளைத் திறந்து சரிபார்ப்பது சக்கரபாணியின் உத்தியோகம். பெட்டி எந்த நாட்டிலிருந்து வருகிறதோ, அந்த நாடுதான் அந்த வருஷத்துக்கு அவருடைய குலதெய்வம். இங்கிலாந்துப் பெட்டிகள் வந்த காலத்தில், ஏலத்தில் எடுத்த பலகையில் பெஞ்சு செய்து, மேலே அச்சடித்த எழுத்து தேய்ந்துவிடும் என்று யாரையும் அதில் உட்காரவிடாமல் காவல் காத்தார். மண்ணை வாரும் ராட்சத யந்திரங்களோடு ஜெர்மன் பெட்டிகள் வந்ததும் பெஞ்சு கொல்லைக்குப் போயிற்று; கூடத்தில் ஜெர்மன் அலமாரி நின்றது. அனல்மின் நிலையத்துக்கு ரஷ்யப் பெட்டிகள் குவிந்ததும் அலமாரிக்கும் அதே கதி. ரஷ்ய எழுத்து அவருக்குப் படிக்கத் தெரியாது. அதனாலேயே சாமான் இன்னும் உசத்தி.

பலகையோடு விட்டாரா? மாப்பிள்ளையையும் அப்படித்தான் தேடினார். முதலில் லண்டனில் படித்தவன்தான் வேண்டும் என்றார், பிறகு ஜெர்மனியில் பயிற்சி பெற்றவன், இப்போது ரஷ்யா. மகள் அம்சவல்லிக்கு இங்கிலாந்தில் பதினெட்டு, ஜெர்மனியில் இருபது, ரஷ்யாவில் இருபத்து மூன்று முடிந்துவிட்டது. பெற்ற வயிறு எத்தனை நாட்டைத்தான் தாங்கும்?

ஊருக்குத் திரும்பிய ரஷ்ய இன்ஜினீயரிடம் ஆசையாக வாங்கிய கடிகாரம் நின்றுபோனபோது, பல்சக்கரம் அங்கிருந்துதான் வரவேண்டும் என்று கடிதம் எழுதிவிட்டுக் காத்திருந்தார் சக்கரபாணி. கஸ்தூரியம்மாள் காத்திருக்கவில்லை. பக்கத்து வீட்டு நாகம்மாளின் புருஷன் மூலம் அதை ரகசியமாக ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினாள். அங்கே டர்னர் குழந்தைவேல் ஒரே நாளில் புதுச் சக்கரம் கடைந்து மாட்டினான். பையனை விசாரித்து, அவனுடைய தாய்மாமன் கொளஞ்சிநாதனைத் திருவதிகையிலிருந்து இன்று வரவழைத்தவளும் அவளே; அலாரத்தை நாலரைக்கு முடுக்கி வைத்தவளும் அவளே.

கூடத்தில் விஷயம் கெட்டுக்கொண்டிருந்தது. பையனுக்கு எங்கே பயிற்சி என்று சக்கரபாணி கேட்டார்.

"இங்கதாங்க. ஒர்க்‌ஷாப்புல வேலை பார்த்துக்கினு இருக்கான். பர்மனென்ட்."

சக்கரபாணியின் முகம் உள்ளூர்ச் சரக்கைக் கண்ட முகமாயிற்று. யோசித்துச் சொல்வதாக மேல்துண்டை உதறினார். உள்ளறைக் கதவோரம் அம்சவல்லியின் வளையல் ஓசை அடங்கிப் போனது.

கஸ்தூரியம்மாள் கேசரித் தட்டோடு வந்து நின்றாள். "அந்தக் கடிகாரம் தானா சரியாகலைங்க. சக்கரம் கடைஞ்சு மாட்டினது இவங்க பையன்தான்."

சக்கரபாணி கடிகாரத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கேசரியைப் பார்த்தார். பக்தர் தோற்றுவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? இந்த இனம் தோற்பதில்லை.

"ரஷ்யா சாமான் பழக்கமில்லாம இதைத் தொடமுடியாதே" என்றார் மெல்ல.

"ரெண்டு வருஷம் ரஷ்யாக்காரங்கோட நின்னுக்கினு மிஷின் பூட்டினவந்தாங்க" என்றார் கொளஞ்சிநாதன்.

"அதை மொதல்லயே சொல்லக்கூடாதா?"

அந்தக் கணமே திருவதிகைப் பையன் கப்பலேறி, கடல் கடந்து, மரப்பெட்டியில் பத்திரமாக வந்து இறங்கினான். தைமாதம் முகூர்த்தம் என்று முடிவாயிற்று. கதவோரம் வளையல் மறுபடி பேசியது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். விருந்தாளி வந்தால் எந்தச் சாமானை அவர் கண்ணில் படும்படி நகர்த்தி வைக்கிறீர்கள்? நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம்.

கொளஞ்சிநாதன் விடைபெற்றுப் படியிறங்கித் தெருமுனை திரும்பினார். சக்கரபாணி வாசலில் நின்றபடியே, நேற்று ஸ்டோருக்கு வந்த புதுப்பெட்டியைப் பற்றி ஆரம்பித்தார். "கஸ்தூரி, ஜப்பான்லேருந்து ஒண்ணு வந்திருக்கு பாரு, அடேயப்பா..."

கஸ்தூரியம்மாள் அவரை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டாள்.