ஏழாம் வாசலில் நான் விழுந்த வழக்கு

டொலிடோ, ஒஹையோ
மார்ச் 9

பிரியமுள்ள பெர்னடெட் அக்காவுக்கு,

தம்பி லீலண்ட் எழுதுவது. என் வலது கால் சௌக்கியம். இடது கால் வழக்கில் இருந்தது. அங்கே கென்டக்கியில் நீயும் அத்தானும் நான்கு கால்களோடும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போனில் நீ கேட்டபோதெல்லாம் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னேனே, அது பொய். உன் ரத்தக் கொதிப்புக்காகச் சொன்னது. இப்போது நடந்ததைச் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

அக்டோபரில் எங்கள் கிடங்கின் ஏழாம் வாசலில் ஊறுகாய் ஏற்றிவந்த லாரி ஒன்று பின்பக்கமாகச் சரக்கு இறக்கும் மேடையை ஒட்டி நின்றது. வெளியே சிவப்பு விளக்கு எரிந்தால் உள்ளே ஆள் இருக்கிறான், வண்டியை அசைக்கக் கூடாது என்று அர்த்தம். அது எரிந்துகொண்டுதான் இருந்தது. கடைசிச் சுமையைக் கைவண்டியில் இழுத்துக்கொண்டு, ஒரு காலை லாரியிலும் ஒரு காலை மேடையிலும் நான் வைத்த நொடியில் லாரி கிளம்பிவிட்டது. நாலடிப் பள்ளத்தில் நான், என்மேல் கைவண்டி, அதன்மேல் வெள்ளரிக்காய் ஊறுகாய் பாட்டில்கள். கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்தது. ஆம்புலன்ஸில் வந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எங்கெங்க வலிக்குது?" என்று கேட்டாள். "எங்க வலிக்கலன்னு கேளும்மா, சீக்கிரம் முடிஞ்சிரும்" என்றேன்.

ஆஸ்பத்திரிச் செலவைக் கிடங்கின் காப்பீடு பார்த்துக்கொண்டது. ஆனால் லாரிக் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது பார், விளக்கு பச்சையாக இருந்ததாம், நானே கவனமில்லாமல் விழுந்தேனாம்! இருபத்தாறு வருஷம் அந்த மேடையில் நின்றவன் அக்கா நான். காலைவிட அந்தக் கடிதம்தான் அதிகம் வலித்தது. நேராக ஒடெஸா பிரையர் என்ற வக்கீலம்மாவிடம் போய் வழக்குப் போட்டேன். அவர் சொன்ன முதல் புத்திமதி, "வெளிய வந்தா ஜாக்கிரதை. நீங்க நல்லா நடக்கறத படம் பிடிக்க ஆள் வைப்பாங்க." "நல்லா நடக்கத் தெரிஞ்சா நான் ஏம்மா இங்க வர்றேன்?" என்றேன்.

ஆளும் வந்தான். மூன்று நாள் என் வீட்டெதிரே சாம்பல் நிறக் காரில் உட்கார்ந்திருந்தான். நாலாம் நாள் பனிப்புயலில் அவன் கார் புதைந்துபோய், சக்கரம் சுற்றுகிறதே தவிர நகரவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. ஊன்றுகோலை ஒரு கையிலும் மண்வாரியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு போய், கொஞ்சம் பனியை வாரித் தள்ளினேன். அவன் நன்றி சொன்னான். அதோடு உள்ளே இருந்தபடியே ஒரு படமும் எடுத்துக்கொண்டான், பாவி.

போன மாதம் வக்கீல் அலுவலகத்தில் சத்தியம் வாங்கி விசாரித்தார்கள். கம்பெனி வக்கீல் அந்தப் படத்தை என் முன்னால் வைத்தார்.

"கால் முடியாதவர் பனி வாருவாரா?"

"கார் மாட்டிக்கிச்சுங்க, அதான்."

"யாரோட கார்?"

"இந்தப் படத்தை எடுத்தவரோட கார்."

தட்டச்சு செய்துகொண்டிருந்த அம்மாள் கையை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். ஒடெஸா அம்மா சிரிக்கவில்லை. என் காலைத்தான் மேசைக்கடியில் மிதித்தார், நல்லவேளையாக வலது கால்.

அடுத்து லாரி ஓட்டிய ட்ரூயிட் வந்தான். இருபத்தெட்டு வயசு, அந்த வேலையை விட்டுவிட்டானாம். விளக்கு என்ன நிறம் என்று கேட்டதும் தொப்பியைக் கழற்றினான். "சிவப்பு. நான் பார்த்தேன். ஆபீஸ்ல இருந்து போன்ல கத்திக்கிட்டே இருந்தாங்க, அடுத்த லோடு லேட்டாயிருச்சுன்னு. எடுத்துட்டேன். பச்சைன்னு சொல்லச் சொன்னதும் அவங்கதான்." பிறகு என்னைப் பார்த்து, "உங்க அலறல் இன்னும் காதுல கேக்குது சார்" என்றான். அவனைத் திட்ட நாலு மாதமாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். "தண்ணி குடிப்பா" என்று மட்டும் சொன்னேன்.

நேற்று கம்பெனி சமரசத்துக்கு வந்துவிட்டது. "விளக்கு சிவப்பு, தவறு எங்களுடையது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள். அந்தத் தாளை மூன்று தடவை படித்தேன். இனி அந்த மேடை இருக்கும் திசையில்கூடத் தலைவைத்துப் படுக்க மாட்டேன். வேலைக்கு முழுக்கு. உன் வீட்டு மாடி அறையில் அத்தான் அடைத்துவைத்திருக்கும் மீன்பிடிச் சாமான்களைக் காலிசெய்து வை. மாதக் கடைசியில் வருகிறேன், நிரந்தரமாக. இது முடிவான முடிவு.

அத்தானின் முதுகுக்கும் உன் கோழிகளுக்கும் ஆண்டவர் துணையிருக்கட்டும்.

அன்புத் தம்பி
லீலண்ட் குஸ்மா

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் கிடங்கு மேலாளர் வந்தார். எல்லா வாசலிலும் லாரியைப் பிடித்து நிறுத்தும் இரும்புக் கொக்கி போட்டாகிவிட்டதாம். அதை மாட்டாமல் ஒருத்தனும் உள்ளே கால்வைக்காதபடி பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம், உட்கார்ந்தே பார்க்கலாமாம். "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். அவர் படியிறங்குவதற்குள் யோசித்து முடித்துவிட்டேன். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் போகிறேன், மாடி அறையைத் தொடாதே. முதல் லாரியை ஓட்டி வரப்போவது யார் தெரியுமா? ட்ரூயிட்! இப்போது வேறு கம்பெனியாம். வண்டிச் சாவியைக் கழற்றி என் மேசையில் வைத்த பிறகுதான் அவனுக்குக் குட்மார்னிங்கே.