பத்தடி என்று பெட்டியில் போட்டிருந்தது

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே எல்லோரும், குறிப்பாக உங்கள் முழங்காலும், சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு பாஸ் மீனாவது பிடித்து வராவிட்டால், நான் தையல் கடையை மூடிய அன்று நீங்கள் பரிசாகக் கொடுத்த தூண்டில், ரீல், பெட்டி எல்லாவற்றையும் கீழ்வீட்டுப் பல் டாக்டருக்குத் தூக்கிக் கொடுத்துவிடப்போவதாக உங்கள் தங்கை சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் செய்வாள் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நீங்கள்தான் ஒரு போன் போட்டு எனக்காக இரண்டு வார்த்தை பேச வேண்டும். கடை போன பிறகு காலையில் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்ப எனக்கு இருக்கிற ஒரே இடம் அந்த ஏரிதான், மச்சான்.

நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன், அவள் வேறு மாதிரி சொல்வாள். நீங்கள் கொடுத்த பிளாஸ்டிக் மீனுக்கு வாயில் தட்டையாக ஒரு உதடு இருக்கிறதல்லவா, ரீலைச் சுற்றச் சுற்ற அந்த உதடு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு கீழே இறங்கும், அது வந்த பெட்டியிலும் ‘பத்தடி ஆழம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பம்பு அறைப் பக்கம் ஏரி பத்தடிதான், பாஸ் அடியில்தான் படுத்திருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள், சரி, கணக்கு சரியாக இருக்கிறதே என்று இறங்கிவிட்டேன். ஆனால் கூடவே நீங்கள் வைத்திருந்த தூண்டில் நரம்பு ஓட்டுத்தையல் நூல் மாதிரி மெல்லிசாக இருந்தது. காலமெல்லாம் கோட்டு தைத்தவன் நான், நூல் தடித்தால்தான் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியாதா? கடையில் இருந்ததிலேயே தடித்த நரம்பாக வாங்கிச் சுற்றினேன். தினமும் வீசினேன். ஒரு செதில்கூடக் கிடைக்கவில்லை. "மீன் கடை எங்க இருக்குன்னு நான் வேணா வந்து காட்டட்டுமா?" என்று உங்கள் தங்கை கேட்டாள்.

அப்போதுதான் பெட்டி மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. இடுப்பு முப்பத்திரண்டு என்று வாடிக்கையாளர் வாயால் சொன்னதை நான் என்றைக்காவது நம்பியிருக்கிறேனா? டேப்பை எடுத்துக்கொண்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் ஏறி, பிளாஸ்டிக் மீனை உள்ளே விட்டு இழுத்துப் பார்த்தேன். கொக்கி போய், தொட்டி நிறைந்ததும் தண்ணீரை நிறுத்தும் மிதவைப் பந்தில் மாட்டிக்கொண்டது, பாஸ்தான் கவ்விவிட்டதோ என்கிற நினைப்பில் நான் சுண்டி இழுக்க, பந்து கையோடு வந்துவிட்டது, தொட்டி வழிந்து படிக்கட்டு வழியாக ஓடி, சுவரில் ஊறி, கீழே பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தவர் முகத்தில் சொட்ட ஆரம்பித்தது. அவர் பாவம், "கொப்பளிக்கவா டாக்டர்?" என்று கேட்டாராம்.

தூண்டில் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் சிரிக்காமல் சொன்னார்: "ஐயா, பெட்டியில போட்டிருக்கறது மெல்லிசு நரம்புக்கு, அதுவும் தூரமா வீசினா. தடி நரம்பு தண்ணியில இழுபடும், மீனைக் கீழ போகவே விடாது. கிட்டக்க வீசினா, அது இறங்கி முடிக்கறதுக்குள்ள கரைக்கு வந்துடும். உங்களுது நாலடி போயிருந்தா பெரிசு." எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை நாள் அடியில் படுத்திருந்த மீன்களின் தலைக்கு மேலே நான் ஊர்வலம் விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மெல்லிசு நரம்புக்கு மாறினேன். தூரமாக வீசிப் பழக மொட்டைமாடியை விட்டால் எனக்கு ஏது இடம்? கொடியில் காய்ந்துகொண்டிருந்த டாக்டரின் வெள்ளைக் கோட்டுக்குப் பாக்கெட் போய்விட்டது. நானே தைத்துக் கொடுத்தேன், பழையதைவிட நன்றாகவே. ஆனாலும் அன்று மாலைதான் உங்கள் தங்கை ஞாயிற்றுக்கிழமைக் கெடுவை வைத்தாள், நஷ்ட ஈடாகத் தூண்டில் டாக்டருக்கே போகட்டுமாம்.

நேற்று தூரமாக வீசி, கோலின் நுனியைத் தண்ணீரை நோக்கித் தாழ்த்தி, ஒரே சீராகச் சுற்றினேன். மச்சான், பிளாஸ்டிக் மீனின் உதட்டில் சேறு! அடித்தரையைத் தொட்டு வந்திருக்கிறது! "பத்தடி!" என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்தில் தூண்டில் போட்டிருந்தவர் எழுந்து தள்ளிப் போய்விட்டார். மீன் கிடைக்கவில்லைதான், ஒற்றைச் செருப்பு ஒன்றுதான் கிடைத்தது. ஆனால் ஆழம் கைக்கு வந்துவிட்டது, இனி மீன் வர எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மாதம் தவணை வாங்கிக் கொடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், அவர்கள் சீரும் சிறப்புமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்களையே நம்பியிருக்கும்
மைத்துனன்

பி.கு.: போன் போட வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் உங்கள் தங்கை இதைப் படித்துவிட்டாள். "அப்படி என்னதான் பத்தடி, நானும் பாக்கறேன்" என்று இன்று காலை என்னோடு ஏரிக்கு வந்தாள். கரையோரப் பாசிக்குப் பக்கத்தில் குஞ்சு மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. கோலை என் கையிலிருந்து பிடுங்கி, நுனியை மேலே தூக்கிப் பிடித்து, அந்தப் பாசி ஓரமாகவே போட்டு மெதுவாகச் சுற்றினாள். முழங்கால் ஆழத்தில் வந்த பிளாஸ்டிக் மீனை, என் முழங்கை நீளத்துக்கு ஒரு பாஸ் வந்து கவ்வியது. "இதுங்க எல்லாம் இங்க மேல மேயுது, நீங்க அங்க கீழ யாரைத் தேடிட்டு இருந்தீங்க?" என்றாள். தூண்டில் டாக்டருக்குப் போகாது. நாளைக்கும் வருகிறாளாம். என் கைக்கு எப்போது தருவாய் என்று கேட்டேன். "எனக்கு மீன் படாத அன்னைக்கு" என்றாள்.