ஈரம் போதாத சுவர்

சுவர் இன்னும் போதுமான அளவுக்கு நனையவில்லை.

"இன்னொரு சொம்பு ஊத்து. மழைக்கு ஒழுகுற மாதிரி தெரியணும்," என்றார் லிஃப்ட் மெக்கானிக். மனைவி ஊற்றினாள். எந்த மழைக்கும் ஒரு பொட்டு ஈரம் காட்டாத அந்தச் சுவர், அத்தனை தண்ணீரையும் தரையிலேயே வழியவிட்டது.

யோசனை மச்சானுடையது. மனைவியின் தம்பி. ஊரார் வேலையெல்லாம் அவனுக்கு அத்துப்படி, சொந்த வேலைதான் ஓடாது. வருமானம் குறைந்தவர்களுக்கென்று நகரத்து ஓரத்தில் கட்டியிருக்கும் அடுக்குமாடியில் வாடகைக்கு ஒரு வீடு கேட்டு இவர்கள் மனுப் போட்டிருந்தார்கள். நேற்று அந்த அலுவலகத்து உதவியாளர் போன் செய்து, எங்கள் அதிகாரி நாளைக்கு உங்கள் ரூமைப் பார்க்க வருகிறார் என்றார். மச்சான் தொடையைத் தட்டினான். இருக்கிற இடம் எவ்வளவு மோசமோ அவ்வளவு சீக்கிரம் வீடு கிடைக்குமாம்.

மெக்கானிக்குக்குப் பொய் சரளமாக வராது. ஆனால் மகள் வளர்ந்துவிட்டாள். அவள் உடை மாற்ற வேண்டுமென்றால் அப்பா எழுந்து மாடிப்படியில் போய் உட்கார வேண்டும். யார் யார் வீட்டுக்கோ லிஃப்டை ஏற்றி இறக்கத் தெரிகிறது, பெற்ற பெண்ணுக்குத் தனியாக ஒரு கதவு கொடுக்க முடியவில்லையே என்று அங்கே உட்கார்ந்து மருகுவார். அந்தக் கதவுக்காகத்தான் இத்தனை கூத்தும்.

குழாய் சொட்டினால் நன்றாக இருக்குமே என்று வாஷரைக் கழற்றினார். சொட்டவில்லை, பீறிட்டது. துணியைச் சுற்றி இழுத்துக் கட்டினார், துணியோடு குழாயின் தலையும் கையில் வந்தது. தரையெல்லாம் தண்ணீர். இட நெருக்கடி காட்டுவதற்காக வரவழைத்திருந்த மச்சானின் மனைவியும் பிள்ளைகளும் கட்டிலில் ஏறி நின்றார்கள். கட்டில் கால் உடைந்தது. பீரோவை நகர்த்தி ஜன்னலை மறைத்திருந்ததால், யார் மேல் யார் விழுந்தார்கள் என்றுகூடத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து அதிகாரி வந்து நின்றார். நரைத்த மீசை, கசங்கிய சட்டை, தோளில் ஒரு பெரிய பை, கையில் குடை. பின்னால் உதவியாளர். அதிகாரி பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார்.

"தண்ணி எப்பவும் வருமா?" என்று கேட்டார்.

"நிக்கவே மாட்டேங்குதுங்க," என்றார் மெக்கானிக். இது மட்டும் உண்மை.

காற்று வருமா என்றார். இந்த ரூமில் மூச்சு விடுவதே பெரும்பாடு என்றான் மச்சான். அதிகாரி மூலைக்குப் போய்ச் சுவரை ஜாண் போட்டு அளந்தார்.

"இங்க ஒரு கட்டில் போடலாம் இல்ல?"

"போட்டுதாங்க இருந்தோம். இப்பதான் உடைஞ்சுது," என்றார் மெக்கானிக்.

வாடகை எவ்வளவு என்று கேட்டார். மெக்கானிக் வாயெடுப்பதற்குள் மச்சான் இரண்டு மடங்காக்கிச் சொன்னான். அதிகாரியின் முகம் தொங்கிப்போனது. சரி, ஓனர் எப்படிப்பட்டவர் என்று மெதுவாகக் கேட்டார். மகளுக்குக் காய்ச்சல் என்றதும் தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த மனுஷனை, "ராட்சசன்" என்று சொல்லிவிட்டு, மனைவி மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

அதிகாரி ரூமை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தபடி படியிறங்கினார்.

"பாத்தீங்களா மாமா? மனுஷன் ஆடிப்போயிட்டாரு. வீடு நமக்குத்தான்," என்றான் மச்சான்.

மெக்கானிக்குக்கும் அப்படித்தான் பட்டது. முன்பின் தெரியாத குடும்பத்துக்காக இப்படி உருகுகிற அதிகாரியும் இருக்கிறாரே என்று அவருக்குக் கண்கூடக் கலங்கியது. ஏமாற்றிவிட்டோமே என்று கொஞ்சம் உறுத்தவும் செய்தது.

உதவியாளர் மட்டும் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். அதிகாரி குடையை மறந்து வைத்துவிட்டாராம்.

"ஏங்க, எங்க நிலைமையைப் பாத்து சார் ரொம்ப மனசு ஒடைஞ்சு போயிட்டாரே. வீடு கிடைச்சுடும் இல்ல?" என்று கேட்டார் மெக்கானிக்.

உதவியாளர் குடையை உதறிக்கொண்டே சொன்னார்: "உங்களுக்குப் போன வாரமே குலுக்கல்ல வீடு விழுந்தாச்சுங்க, நாளைக்குச் சொல்லுவாங்க, சாருக்குத்தான் சம்பளம் வரம்பை ஒரு இழை தாண்டுதுன்னு அங்க வீடு கிடையாது, நீங்க காலி பண்ற இந்த ரூமாவது கிடைக்குமான்னு ஆசை ஆசையா வந்தாரு."