மாடிவீட்டுப் பட்டன்

எந்த வேலையையும் முடிக்கவே கூடாது என்று நேர்ந்துகொண்டு பிறந்தவர் உலகத்தில் ஒருவர் உண்டென்றால், அவர் செம்மண்டலத்தில் எங்கள் மாடியில் குடியிருந்த பட்டன்தான். இது பெற்றோர் வைத்த பெயரல்ல. அவராகச் சம்பாதித்தது.

செல்போனில் குரலைப் பதிவு செய்யும் செயலி ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். எழுதிக்கொண்டே இருந்தார். அதைச் சோதித்துப் பார்க்கும் பதவிக்கு, ஓய்வு பெற்ற என்னை என் சம்மதமில்லாமல் நியமித்திருந்தார். நான் பல் துலக்கும் நேரம் பார்த்துப் படியிறங்கி வருவார்.

"சார், நடுவுல போன் வந்தா நின்னுடுதுன்னீங்கல்ல? சரி பண்ணிட்டேன்."

பார்ப்பேன். அது சரியாகியிருக்கும், சேமிப்பது கெட்டிருக்கும். சேமிப்பது சரியானால் கடைசி வாக்கியம் காணாமல் போயிருக்கும். தாலுகா அலுவலகத்தில் காலம் தள்ளியவன் நான். குறையை எழுத்தில் வாங்க வேண்டும், எண் போட வேண்டும், ஒன்று தீர்ந்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும் என்று முறையாக எடுத்துச் சொன்னேன். பயபக்தியோடு தலையாட்டினார். மறுநாள் எல்லாப் பொத்தான்களும் இடப்பக்கம் குடிபோயிருந்தன.

"ஏன்யா மாத்தினே?"

"கீழ இருந்தா வெறிச்சுனு இருக்குது சார்."

இத்தனையையும் நான் பொறுத்துக்கொண்டது செல்விக்காக. என் தங்கை மகள், புவனகிரிக்காரி. பிறவியிலேயே பார்வை கிடையாது. வங்கித் தேர்வுக்குச் சிதம்பரத்தில் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். வகுப்பைப் பதிவு செய்தால்தான் அவளுக்குப் பாடம். போனோடு வந்த செயலியோ, யாராவது அழைத்தால் அத்தோடு படுத்துவிடும். பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் தலையாட்டுவார்கள். வீட்டில் போட்டுக் கேட்டால் பாதிப் பாடம் இருக்காது. தேர்வோ நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வி வந்தாள். விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறது என்று அவளுடைய போன் வாய்விட்டுச் சொல்லும். மாடிக்காரரின் செயலியைத் திறந்து விரலை வைத்தாள். "பட்டன்," என்றது போன். நகர்த்தினாள். "பட்டன்." இன்னும் நகர்த்தினாள். "பட்டன்."

"அண்ணா, இதுல எது ரெக்கார்டு?" என்று பக்கத்தில் நின்ற அவரைக் கேட்டாள்.

"செவப்பா, வட்டமா இருக்குது பாரும்மா, அதான்."

செல்வி சிரித்துவிட்டாள். "செவப்பா? நல்லா இருக்குதாண்ணா?"

அன்று மாடிக்குப் போனவர் சாப்பிடக்கூட இறங்கவில்லை. பெயர் மட்டும் கீழே தங்கிவிட்டது.

இனி கண்ணைக் கட்டிக்கொண்டுதான் வேலை என்று முடிவெடுத்தார் பட்டன். வீட்டுக்குள் கட்டிக்கொண்டால் யாருக்கு நஷ்டம்? வகுப்பிலேயே சோதித்துவிடலாம் என்று நாங்கள் சிதம்பரம் பஸ் ஏறிய அன்றும், துண்டைக் கண்ணில் கட்டிக்கொண்டு போனைத் தடவ ஆரம்பித்துவிட்டார். ஒரு அம்மாள் பதறி எழுந்து இடம் கொடுத்தார். கண்டக்டர் கனிவாக, "பாஸ் வச்சிருக்கியா தம்பி?" என்று கேட்டார்.

பட்டன் துண்டைத் தூக்கினார். "இல்லண்ணே. சிதம்பரம் ரெண்டு."

பஸ் முழுவதும் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது.

"பெரியவரே, இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்றார் இடம் கொடுத்த அம்மாள்.

வகுப்பில் செல்வி விரலை நகர்த்தினாள். "பதிவு தொடங்கு," என்றது போன். தட்டினாள். பாடம் முடிகிற வரையில் பட்டன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, பிரசவ வார்டு வாசலில் நிற்கிறவரைப் போல நின்றார். அவள் வெளியே வந்ததும் என்னிடம் மெதுவாக ஆரம்பித்தார்.

"சார், அந்த 'தொடங்கு' இன்னும் கொஞ்சம் கீழ இருந்தா..."

"தொட்டே, கைய ஒடிச்சிடுவேன்."

"கொஞ்சூண்டுதான் சார்."

"வீட்டையே காலி பண்ணச் சொல்லிடுவேன்யா!"

பஸ் ஸ்டாண்டு வரையில் இதே பேச்சு. செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வீடு போனதும் போன் செய்தாள். "மாமா, சார் கடைசியா போட்ட கணக்குகூட வந்திருக்குது!"

தேர்ச்சி பெற்று இப்போது வங்கியில் வேலை பார்க்கிறாள். பட்டனும் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். பல் துலக்குவதை நான் நிம்மதியாக முடிக்கிறேன்.

போன வாரம் செல்வி அழைத்தாள்.

"போன்ல எடமே இல்ல மாமா, பழைய கிளாஸெல்லாம் அழிக்கிறேன். மொத நாளு நான் நிறுத்த மறந்துட்டேன் போல. நீங்க அண்ணனத் திட்டினதும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இருக்குது. அழிச்சிடட்டுமா?"

"பாடத்த மட்டும் வெட்டிடும்மா," என்றேன். "மிச்சத்த எனக்கு அனுப்பு."