மைனஸ் நாற்பதாயிரம் லிட்டர்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, மூன்றாவதாக எங்கள் கணித மென்பொருள் குழுமத்தைக் கண்டுபிடித்தது. முதல் இரண்டினால் பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள், காலில் ஏற்றிக்கொண்டார்கள். எங்களால் மட்டும் இன்றுவரை யாருக்கும் எதுவும் ஆனதில்லை.

எங்கள் மென்பொருள் 'திறமூல' வகை. அதன் உள்ளே எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். சந்தேகம் கேட்பதற்கு மட்டும் கொஞ்சம் மன உறுதி தேவை.

நாங்கள் ஒன்பது பேர், எல்லோரும் தன்னார்வலர்கள். தலைவருக்குப் பெயர் 'பூச்சியம்'. எதையும் பூச்சியத்திலிருந்துதான் எண்ண வேண்டும் என்ற கொள்கைக்காரர். மூத்த மகளை 'என் பூச்சியமாவது பிள்ளை' என்றுதான் விருந்தாளிகளுக்கு அறிமுகம் செய்வார். அடுத்தவர் 'அடிக்குறிப்பு'. யார் எதைச் சொன்னாலும் அதற்குக் கீழே ஒன்றைச் சேர்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. இன்னொருவர் 'மியூட்'. காணொளிக் கூட்டங்களில் மைக்கை அணைத்துவிட்டே பேசுவார். நான்கு வருடமாக அவர் குரலை யாரும் கேட்டதில்லை. உதடு அசைந்தால் 'ஒருமனதாக' என்று எழுதிக்கொள்வோம்.

இப்பேர்ப்பட்ட குழுமத்துக்கு ஒரு சோதனை என் அண்ணி வடிவில் வந்தது. அண்ணி குடிநீர் வாரியத்தில் பொறியாளர். நான்கு தெருக்களுக்கான தண்ணீர்த் தொட்டித் திட்டம் அவர் கையில் இருந்தது. தொட்டியின் அடிப்பாகம் வளைவாக இருந்ததால், கொள்ளளவை எங்கள் மென்பொருளில் போட்டுப் பார்த்திருக்கிறார்.

"தம்பி, கொள்ளளவு மைனஸ் நாப்பதாயிரம் லிட்டர்னு வருது" என்றார் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது. "தண்ணி ஊத்த ஊத்த தொட்டி காலியாகுமா?"

"மைனஸை அடிச்சுட்டுக் குடுத்துடேன்" என்றார் அண்ணன், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

"ஏன் வருதுன்னே தெரியாம எப்படிங்க கையெழுத்துப் போடறது? அடுத்த மாசம் கடைசி வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள ஃபைல் போகணும். போகலைன்னா அந்த ஜனங்க இன்னும் ஒரு வருஷத்துக்குத் தண்ணி லாரி பின்னாடிதான் ஓடணும்."

"எங்க குழுமத்துல கேட்டீங்களா அண்ணி?"

"கேட்டு மூணு வாரம் ஆச்சு. ஒருத்தரும் வாயே திறக்கல."

என் ரத்தம் கொதித்தது. எங்கள் குழுமத்தில் ஒரு கேள்வி அநாதையாகக் கிடப்பதா? கையைக் கழுவிவிட்டு நேராகப் போய் உட்கார்ந்தேன். முப்பத்தெட்டுப் பக்கத்தில் ஒரு முன்மொழிவு எழுதினேன். குழுமத்துக்கு ஒரு செயற்கை நுண்ணறிவு உதவியாளர்! எங்களுடைய பதினைந்து வருட மின்னஞ்சல் கடிதங்களையும் படித்துவிட்டு, 'நமது குழுமத்தின் குரலிலேயே' பதில் சொல்லும். அண்ணியின் கேள்வியைச் சோதனைக் கேள்வியாக இணைத்தேன்.

பூச்சியமாவது கூட்டம் கூடியது.

"உதவின்னா என்ன? முதல்ல வரையறை வேணும்" என்றார் பூச்சியம்.

"கேட்டவருக்கு வேண்டியதைச் சொல்றது" என்றேன்.

"என்ன வேணும்னு கேட்டவருக்கே தெரியாட்டி?" என்றார் அடிக்குறிப்பு. "தப்பான கேள்விக்குச் சரியான பதில் குடுத்தா, அந்தப் பதிலும் தப்பாயிடுமே!"

எனக்கு மெய்சிலிர்த்தது. இந்த ஆழம் வேறு எந்தக் குழுமத்தில் கிடைக்கும்?

ஒன்றாவது, இரண்டாவது, மூன்றாவது கூட்டங்களைப் பெயர் சூட்டும் படலம் எடுத்துக்கொண்டது. 'உதவியாளர்' என்று வைத்தால் உதவுவார் என்று மக்கள் எதிர்பார்க்கக்கூடும் என்ற ஆட்சேபணை பலமாக எழுந்தது. கடைசியில் 'உதவியாளர் (தற்காலிகம்)' என்று முடிவாயிற்று.

நான்காவது கூட்டத்தில்தான் அந்த விபரீதம் நடந்தது. மியூட்டின் மைக் தவறுதலாகத் திறந்துகொண்டது.

"ஏங்க, அந்தம்மாவுக்கு நாமளே ஒரு வரி எழுதிப் போட்டுட்டா என்ன?"



"போட்டா சோதனைக் கேள்வி வீணாயிடாதா?" என்று பதறினேன்.

"உடனே ஒரு தீர்மானம் போடுங்க!" என்றார் பூச்சியம். சோதனை முடியும்வரை அக்கேள்விக்கு உறுப்பினர் எவரும் பதிலளிக்கலாகாது என்று தீர்மானித்தோம். மியூட்டை மீண்டும் மியூட் செய்தோம். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஒருமனதாக.

கடைசி வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு உதவியாளர் (தற்காலிகம்) கண் திறந்தது. அலுவலகத்திலிருந்து அண்ணி தம் கேள்வியை அதனிடம் கேட்டார். நாங்கள் ஒன்பது பேரும் திரையில் பார்த்துக்கொண்டிருக்க, அரை நொடியில் பதில் வந்தது:

'இக்கேள்வி ஏற்கெனவே விவாதிக்கப்பட்டுள்ளது. பழைய கடிதங்களைத் தேடிப் பார்க்காமல் கேட்பது அனைவரின் நேரத்தையும் வீணடிப்பதாகும். கேள்வி மூடப்படுகிறது.' கீழே, பதினோரு வருடத்துக்கு முந்தைய ஒரு விவாதத்தின் சுட்டி. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு கடிதங்கள்.

"அச்சு அசல் நம்மள மாதிரியே பேசுதுய்யா!" என்று பூச்சியம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் எழுதினதோன்னே நெனச்சேன்" என்றார் அடிக்குறிப்பு. திட்டம் மாபெரும் வெற்றி என்று குறிப்பில் எழுதினோம்.

அண்ணி மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு அத்தனை கடிதங்களையும் படித்திருக்கிறார். இருநூற்று ஒன்பதாவது கடிதத்தில் விஷயம் கிடைத்தது. தொட்டியின் அடியிலிருந்து விளிம்புவரை கணக்கிடு என்று சொல்ல, உலகத்தில் எல்லோரும் கீழ் எல்லையை முதலில் எழுதுவார்கள். எங்கள் மென்பொருளில் மேல் எல்லையைத்தான் முதலில் எழுத வேண்டும். ஓட்டெடுப்பில் ஐந்துக்கு நான்கு என்று நிறைவேறிய விதி அது. அண்ணி இரண்டு எண்களை இடம் மாற்றினார். மைனஸ் போயிற்று. கையெழுத்துப் போட்டு, நாலே முக்காலுக்கு ஃபைலை அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் வந்தவர் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் என் அறை வாசலில் நின்றார்.

"தம்பி, அந்த விதியைக் கொண்டுவந்தது யாருன்னு பார்த்தேன். உங்க பேர்தான் போட்டிருக்கு."

"ஆமா அண்ணி" என்றேன் அடக்கமாக. "ரொம்பப் போராடித்தான் ஜெயிச்சேன்."

"அப்ப அன்னிக்கு நான் கேட்டப்பவே உங்களுக்குப் பதில் தெரியும்?"

"எனக்கு மட்டுமா? எங்க ஒன்பது பேருக்குமே தெரியுமே!"

"பின்ன ஏன் தம்பி சொல்லல?"

படித்தவர், பொறியாளர், இதுகூடப் புரியவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

"சொல்லியிருந்தா திட்டத்துக்கே தேவை இல்லாமப் போயிருக்குமே அண்ணி!"