கலையாத முகமும் களங்கமில்லாத தேங்காயும்

கலையாத முகப்பூச்சு வந்துவிட்டது என்று காஜா பெராங் ஊர் முழுக்க ஒரே பேச்சு.

மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்து இன்னும் ஒரு வருடம் நிறையவில்லை. நம் நாட்டை நாமே ஆள்கிறோம் என்று மேடைக்கு மேடை முழங்கிக்கொண்டிருந்தார்கள். காஜா பெராங் பெண்களுக்கோ அம்மன் திருவிழாவில் தங்கள் முகத்தை ஆள முடிந்தால் போதும் என்றிருந்தது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. தேர் கிளம்பும்போது பூசிய பவுடர் முதல் சந்தி திரும்புவதற்குள் வியர்வையோடு வழிந்து ரவிக்கையில் இறங்கிவிடும். வெயில் விட்டால் மழை. இரண்டும் மிச்சம் வைத்ததைக் கடைசி நாள் மஞ்சள் நீர் விளையாட்டு கழுவிக்கொண்டு போய்விடும். குடம் குடமாக மஞ்சள் தண்ணீர், கணுக்கால் வரை சேறு. வீடு திரும்பும் பெண்ணைப் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. கிளேபாங் பக்கத்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதும் அன்றைக்குத்தான் என்பது இதில் பெரிய கொடுமை.

அந்தக் கொடுமையைத் தீர்க்க வந்தவர்தான் நல்லையா சுவாமிகள். எங்கிருந்து வந்தீர்கள் என்றால் "அம்மா அனுப்பினாள்" என்பார். எந்த அம்மா என்று கேட்கும் துணிச்சல் ஊரில் யாருக்கும் இல்லை.

கோயிலுக்குப் பின்னால் ஒரு கீற்றுக் கொட்டகை. உள்ளே சாமி. அவர் எதிரே ஒரு சிவப்பு டப்பா, ஒரு வெள்ளை டப்பா, ஒரு தட்டு. வெளியே வண்டி போகும் சடக்கு வரை வரிசை. இரண்டு டப்பாவிலும் இருப்பது பார்க்க ஒன்றுபோல் சந்தன நிறப் பூச்சுதான். வந்தவளின் முகத்தைச் சாமி உற்றுப் பார்ப்பார். கண்ணை மூடுவார். கை தானாக ஒரு டப்பாவுக்குப் போகும்.

"மனசுல மாசு இல்லாதவ பூசினா மழையே கொட்டினாலும் கலையாது தாயி. கலைஞ்சுதுன்னா…"

அதோடு நிறுத்திவிடுவார். மிச்சத்தைத் தெரு சொல்லிக்கொள்ளும்.

தட்டில் தங்கம் விழுந்தால் கை சிவப்பு டப்பாவுக்குப் போகிறது, எலுமிச்சம்பழம் விழுந்தால் வெள்ளை டப்பாவுக்குப் போகிறது என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. எப்படிக் கவனிப்பார்கள்? சாமி கண்ணை மூடியதும் பக்தர்களும் மூடிக்கொண்டார்கள்.

அந்த வரிசையில் எலுமிச்சம்பழத்தோடு நின்றவள் கமலவேணி. குருபோங்கிலிருந்து இந்தத் தைப் பொங்கல் கழிந்து வாழ வந்தவள். தையல் மெஷினில் ரவிக்கை தைப்பாள். கை சும்மா இராது, மூளையும் அப்படித்தான். புருஷன் ஜெயபாலன் டவுனில் கணக்கு எழுதும் கிராணி. ஆபீசில் இங்கிலீஷ் பேசுவான், வீட்டில் அம்மா பேசுவதைக் கேட்டுக்கொள்வான். அந்த அம்மாவின் பெயர் அஞ்சலை. சாமி வந்து இறங்கிய முதல் நாளே தன் வளையலைத் தட்டில் போட்டவள்.

திருவிழாவின் முதல் மாலை. ஊர்வலம் பாதி வழி போயிருக்கும்; பிய்த்துக்கொண்டு கொட்டியது மழை. ஓடி ஒதுங்கியவர்கள் முதலில் பார்த்தது அம்மனை அல்ல, அடுத்தவள் முகத்தை. அஞ்சலையின் முகம் பூசினபடி அப்படியே இருந்தது. கமலவேணியின் முகத்தில் பூச்சு கோடு கோடாக இறங்கி, கண்மையும் சேர்ந்து, கழுத்து வரை கரி பூசியிருந்தது.

தெரு தீர்ப்பு எழுதிவிட்டது. குடை பிடித்து வீடு வருவதற்குள் அந்தத் தீர்ப்பு அவளுக்கு முன்னால் வந்து வீட்டில் உட்கார்ந்திருந்தது.

"மனசுல யாரடி வச்சிருக்க?" என்றாள் அஞ்சலை.

"என்ன அத்தை இது? மழை பெஞ்சுது, பவுடர் கரைஞ்சுது."

"எனக்கும் அதே மழைதானே பெஞ்சுது? எனக்கு ஏன் கரையல?"

கமலவேணி புருஷனைப் பார்த்தாள். ஜெயபாலன் சட்டைப் பொத்தானைப் பார்த்தான். "அம்மா சொல்றதையும் கொஞ்சம் யோசிச்சுப் பாரு கமலா" என்றான். தானும் கொஞ்சம் யோசிக்கலாம் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

அஞ்சலை சாமியிடம் ஓடிப் பரிகாரத்தோடு திரும்பினாள். "உன் கழுத்துச் சங்கிலிய மஞ்ச நீர் அன்னிக்குச் சாமி தட்டுல வைக்கணும். அப்புறம் பூச்சு கலையாது. வைக்க மாட்டேன்னா பெட்டியத் தூக்கிக்கிட்டுக் குருபோங்குக்கே போயிரு. ஊரு முன்னால என்னால தலை நிமிர முடியாது."

அன்று கமலவேணி சாப்பிடவில்லை. அழுதாள். அழுதுகொண்டே தன் மனதைத் தானே துருவிப் பார்த்தாள். என்ன மாசு? தேடினதில் ஒன்றே ஒன்று கிடைத்தது. இந்த மாமியார் கொஞ்ச நாள் தொண்டை கட்டிப் பேச முடியாமல் படுத்தால் தேவலை என்று ஒருமுறை நினைத்ததுண்டு. அதற்காகவா மை ஓடும்? அப்படி ஓடுமென்றால் காஜா பெராங்கில் ஒரு மருமகளுக்கும் மை நிற்காதே! அழுகை பாதியில் நின்றது. சிரிப்பு வந்தது.

அப்போதுதான் தம்பிராஜா நினைவுக்கு வந்தான். திருவிழா நாடகத்தில் பெண் வேஷம் கட்டுகிறவன். நாலு பேர் பார்க்கட்டும் என்று சாமியே கூப்பிட்டுச் சிவப்பு டப்பாவிலிருந்து அவனுக்குப் பூசிவிட்டிருந்தார். அந்த மழையில் அவனும்தான் நனைந்தான். நனைந்து, அப்படியே கள்ளுக்கடைக்குப் போய், அங்கே ஒருவனோடு கட்டிப் புரண்டு, சேற்றோடு வெளியே வந்தபோதும் கன்னம் பளபளவென்று இருந்தது. கள்ளுக்கடைக்குள் அப்படி என்ன தூய்மை இருக்கிறது?

மறுநாள் நூல்கண்டு வாங்க ஹாஜா கடைக்குப் போனாள்.

"உங்க சாமி பெரிய பக்திமான்லா தங்கச்சி" என்றார் ஹாஜா. "இருந்த மெழுகுவத்தி எல்லாத்தையும் அவருதான் அள்ளிட்டுப் போறாரு. ராவெல்லாம் பூசையோ?"

"அம்மனுக்கு எண்ணெய் விளக்குத்தானே அண்ணே?" என்றாள் கமலவேணி. சொன்னபிறகுதான் உறைத்தது. கொட்டகைக்குள் ஒரு மெழுகுவத்தி எரிந்து அவள் பார்த்ததே இல்லை.

ஒரு மெழுகுவத்தி வாங்கினாள். வீட்டில் உருக்கி, எண்ணெயும் பவுடரும் சேர்த்துக் குழைத்துப் புறங்கையில் பூசினாள். மேலே தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. பூச்சு அசையவில்லை. அவள் மனமும் அதற்குமேல் அசையவில்லை.

மஞ்சள் நீர் நாள். கொட்டகை முன்னால் மொத்த ஊரும் நின்றது. ஒரு பக்கம் குடங்கள், ஒரு பக்கம் மேளம். ஜெயபாலன் கையில் பெட்டி. எதற்கும் இருக்கட்டும் என்று அம்மா தூக்கிவரச் சொல்லியிருந்தாள். கமலவேணி கையில் ஒரு பெரிய மங்குக் கிண்ணம். அதில் நார் சீவி மழுங்கத் தேய்த்த இரண்டு தேங்காய்.

"சங்கிலி எங்கே தாயி?" என்றார் சாமி.

"தர்றேன் சாமி. அதுக்கு முன்னால ஒரு சந்தேகம். இந்த ரெண்டும் ஒரே மரத்துக் காயி. ரெண்டும் கல்யாணமாகாத காயி. ஒரு கெட்ட நெனப்புக் கெடையாது. இதுல ஒண்ணுக்குச் சிவப்பு டப்பா, ஒண்ணுக்கு வெள்ளை டப்பா பூசறேன்."

சாமி "வேண்டாம்" என்று வாயைத் திறப்பதற்குள் பூசிவிட்டாள். கூட்டம் நெருங்கி வந்தது. யாரோ ஒரு குடத்தைக் கவிழ்த்தார்கள். ஒரு தேங்காய் அப்படியே இருந்தது. இன்னொன்று மஞ்சளாக வழிந்து மொட்டை ஓடாகிவிட்டது.

"ஐயோ பாவம்" என்றாள் கமலவேணி. "இந்தத் தேங்காய் மனசுல யார வச்சிருந்துச்சோ!"

கொல்லென்று சிரிப்பு. சாமி எழுந்து நின்றார். "தேங்காய்க்கும் பூர்வ ஜென்மம் உண்டு! போன பிறவியில அது செஞ்ச பாவம்!"

நீங்கள் நம்பமாட்டீர்கள். பாதிக் கூட்டம் தலையை ஆட்டியது. "அதானே" என்றுகூட ஒருவர் சொன்னார். கமலவேணி இரண்டு தேங்காயையும் மாறி மாறிப் பார்த்தாள். இதற்குமேல் என்ன செய்வது?

அவளைக் காப்பாற்றியது அறிவு அல்ல, அஞ்சலையின் பக்தி.

சாமியை ஒரு தேங்காயோடு வைத்துச் சிரித்ததை அஞ்சலையால் பொறுக்க முடியவில்லை. "கேலியா பண்றீங்க?" என்று முன்னால் பாய்ந்தாள். "சாமி, இந்தச் சனத்துக்கு நீங்களே காட்டுங்க. உங்க மனசுல மாசு ஏது? வெள்ளை டப்பாவே உங்க முகத்துல நிக்கும். நான் பூசறேன்!"

"வேண்டாம் தாயி. நான் துறவி, எனக்கெதுக்கு அலங்காரம்…"

"எங்களுக்காகச் சாமி!"

அஞ்சலை வெள்ளை டப்பாவை வழித்துச் சாமியின் இரண்டு கன்னத்திலும் அப்பினாள். சாமி பின்வாங்கினார். அஞ்சலை கண்ணில் நீர் ததும்ப, மனதார, அம்மன் பேரைச் சொல்லி ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அவர் தலையில் கவிழ்த்தாள்.

மேளம் நின்றது. பூச்சு சாமியின் தாடி வழியாக வழிந்து காவி வேட்டியில் சொட்டியது.

அஞ்சலை வெறுங்குடத்தோடு நின்றாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மிகவும் மெதுவாக, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியவள் போலக் கேட்டாள்:

"சாமி, நீங்க மனசுல யார வச்சிருக்கீங்க?"

சாமி கொட்டகைப் பின்பக்கக் கீற்றைப் பிரித்துக்கொண்டு ஓடினார். சேறு அவரைத் துறவி என்று பார்க்கவில்லை, வழுக்கி விழவைத்தது. தோளில் இருந்த பை அவிழ்ந்து, கட்டுக் கட்டாக மெழுகுவத்தி கொட்டியது. அடியில் வளையல், மோதிரம், மூக்குத்தி. கள்ளுக்கடையிலிருந்து வந்துகொண்டிருந்த தம்பிராஜா அவர் மேல் உட்கார்ந்துகொண்டான், போலீஸ் வரும்வரை.

அஞ்சலை தன் வளையலைச் சேற்றிலிருந்து பொறுக்கினாள். கமலவேணியின் முகத்தைப் பார்க்காமலே ஜெயபாலனிடம், "என்னடா மரம் மாதிரி நிக்கிற? பெட்டிய வீட்டுல கொண்டு போய் வை" என்றாள். மன்னிப்புக் கேட்கும் விதங்களில் அதுவும் ஒன்று.

"நான் அப்பவே சந்தேகப்பட்டேன் கமலா" என்றான் ஜெயபாலன்.

"எப்பங்க?" என்றாள் அவள். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தான்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மறுநாள் காலை கமலவேணி கோயில் பக்கம் போனபோது கொட்டகை இருந்த இடத்தில் பத்துப்பேர் கைகூப்பி நின்றிருந்தார்கள். நடுவில், சூடம் எரிய, தலையில் பூவோடு, அந்தக் கலையாத தேங்காய்.

கமலவேணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அதை எடுத்துக் கல்லில் ஓங்கி அடித்தாள். இரண்டு மூடியையும் வீட்டுக்குக் கொண்டுபோய்த் துருவிச் சட்னி அரைத்தாள்.

கடையில் தேங்காய் வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்க்கிறோம், தட்டிப் பார்க்கிறோம், அப்புறம்தான் கூடையில் போடுகிறோம். ஒரு தேங்காய்க்குக் காட்டுகிற சந்தேகத்தைக் காவி வேட்டிக்கும் கொஞ்சம் காட்டினால் என்ன குறைந்துவிடும், ஐயா?