மேகத்தில் பூட்டிய வெற்றிலைக்கொடி

பாஸ்வேர்ட் தப்பு என்று கம்ப்யூட்டர் நான்காவது முறையாகச் சொன்னபோது, குழந்தைவேல் எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கையில் தறி எண்ணெய் இருந்தால் எழுத்து சரியாக விழாதோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். சுத்தமான கையால் அடித்தார். ஐந்தாவது முறையும் தப்பு.

மணி பத்து. பதினொன்றுக்குப் பெங்களூர் வியாபாரி வருகிறார். ‘வெற்றிலைக்கொடி’ சேலை டிசைனைப் பார்த்து அவர் தலையாட்டிவிட்டால், குழந்தைவேலின் எட்டு விசைத்தறிகளுக்கும் ஒரு வருஷத்துக்கு ஓய்வே கிடையாது. வியாபாரியின் நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். இந்த டிசைன் வேறு எவனிடமும் இருக்கக் கூடாது.

அந்த விஷயத்தில் குழந்தைவேலை மிஞ்ச எடப்பாடியில் ஆளில்லை. தறிக்காரன் பார்த்துவிடுவான் என்று மாதிரிச் சேலைகூட நெய்யாதவர் அவர். “கிளவுட்ல போட்டு வெச்சுருங்க, யாராலயும் தொட முடியாது” என்று டிசைன் வரைந்த சௌமியா சொன்ன அன்றே மேலே ஏற்றிவிட்டார். அந்த ‘யாராலயும்’ என்பதில் தானும் அடக்கம் என்பது இப்போதுதான் உறைத்தது.

“ஏனுங்க, பாஸ்வேர்டு மறந்துருச்சான்னு கேக்குதே, அதை அமுக்குங்க” என்றாள் மனைவி பிரபா.

அமுக்கினார். போனுக்கு ஆறு இலக்க எண் அனுப்பியாயிற்று என்றது கம்ப்யூட்டர். அவருடைய போன் வாயே திறக்கவில்லை.

“எந்த நம்பரைக் குடுத்தீங்க?”

குழந்தைவேல் மின்விசிறியைப் பார்த்தார். “உன் தம்பி நம்பரு.”

“அன்பரசு நம்பரா? எதுக்கு?”

“என் நம்பரைக் கூட்டுனா எட்டு வருது, ஆகாது. அவனுதுதான் ஆறு. ராசியான நம்பரு.”

ராசியான நம்பருக்குச் சொந்தக்காரன் போர் போடும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் போய் மூன்று மாதமாகிறது. போனை எடுத்தான். பின்னால் பூமி பிளக்கிற சத்தம்.

“சொல்லுங்க மச்சான்! எளநூறு அடி போயாச்சு, வெறும் புகைதான் வருது!”

“மாப்ள, உன் போனுக்கு ஒரு ஓடிபி வந்துருக்கும். அதைச் சொல்லு!”

சத்தம் சற்று அடங்கியது. அன்பரசுவின் குரல் மாறிவிட்டது. “யாருங்க பேசறது?”

“டேய், உன் மச்சான்டா!”

“இப்பெல்லாம் மச்சான் குரல்லயே பேசி ஏமாத்துறானுகளாமா. எங்கக்கா கல்யாணத்துல மச்சான் எதுக்குக் கோவிச்சுக்கிட்டு மண்டபத்தை உட்டு வெளிய போனாரு? சொல்லுங்க பாப்போம்.”

குழந்தைவேல் பிரபாவைப் பார்த்தார். பிரபா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“பாயசத்துல முந்திரி இல்லைன்னு” என்றார் மெல்ல.

“மச்சானேதான்!” என்று அன்பரசு சந்தோஷமாக எண்ணைச் சொன்னான். அதற்குள் நேரம் கடந்துவிட்டது. மறுபடி அனுப்பச் சொன்னார்கள். அவன் பழைய எண்ணையே திரும்பப் படித்தான். பிரபா போனைப் பிடுங்கித் தம்பியைத் திட்டியதில் அடுத்த எண்ணும் காலாவதியானது. ‘பாதுகாப்பு கருதி இருபத்து நான்கு மணி நேரத்துக்குக் கணக்கு முடக்கப்பட்டுள்ளது’ என்றது கம்ப்யூட்டர்.

சௌமியாவுக்குப் போன் போட்டார்.

“என்கிட்ட எப்படிங்க இருக்கும்? நீங்கதான பக்கத்துல உக்காந்து அழிக்கச் சொன்னீங்க. பேப்பர்ல வரைஞ்சதையும் வாங்கி எங்கூட்டு அடுப்புல போட்டுட்டுத்தான போனீங்க?”

மணி பத்து ஐம்பது. குழந்தைவேல் மகளின் கலர் பென்சிலை எடுத்துத் தானே வரைய உட்கார்ந்தார். வெற்றிலை வரவில்லை. பூசணி இலை வந்தது. அழித்து வரைந்ததில் அது தவளையானது. வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டபோது அவருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. இத்தனை பத்திரமாக வைத்ததற்கா இந்தத் தண்டனை?

வியாபாரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். “எங்கீங்க, அந்த வெற்றிலைக்கொடி ரகசியத்தைக் காட்டுங்க!”

தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றும் சின்னாயி, கூடையோடு அந்த வழியாகப் போனவள், குழந்தைவேலின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

“அட, வெத்தலைக்கொடிங்களா? பாப்பா காதுகுத்துக்கு மண்டபத்துக்கு வழின்னு ஊருக்கே ஒரு லிங்க் அனுப்புனீங்களே சாமி, அதைத் தொட்டா மண்டபம் வரலீங்க, இந்த டிசைன்தான் வந்துச்சு. எங்க தெருவுல ஒரு மாசமா பத்துத் தறியில இதுதான் ஓடுது, ஒரு சேலை கொண்டாரட்டுங்களா?”